சமயமும் நேர்மறை உணர்ச்சிகளும்: எட்டு வார இணையவழிப் பாடம் ஒன்றின் மதிப்புரை

இறைநம்பிக்கை உள்ளவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக வாழ்கிறார்களா, அப்படி வாழ்ந்தால் அந்த மகிழ்ச்சி எந்த வழியாக அவர்களிடம் வந்து சேர்கிறது என்ற கேள்வியை உளவியல் ஆய்வுகளின் துணையோடு விளக்கும் எட்டு வார இணையவழிப் பாடம் ஒன்றை அண்மையில் முடித்தேன். நீண்டகால நோயில் இருப்பவர்களின் அருகில் அமர்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்கும் தன்னார்வப் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவள் நான். அங்கே நான் சந்திப்பவர்களில் சிலர் பிரார்த்தனையைப் பற்றிக்கொண்டே கொடிய நாட்களைக் கடந்துவிடுகிறார்கள். வேறு சிலர் அதே பிரார்த்தனையின் நடுவில்தான் உடைந்துபோகிறார்கள். ஒரே நம்பிக்கை ஒருவரைத் தாங்குவதும் இன்னொருவரை வதைப்பதும் ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே நான் இதில் சேர்ந்ததற்கு முதற்காரணம். என் தந்தை மறைந்த பிறகு எனக்கே பிரார்த்தனை வறண்டு போயிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இந்த மதிப்புரையின் சில பகுதிகளை அந்த வறட்சியை அறிந்தவள் என்ற நிலையிலிருந்துதான் எழுதுகிறேன்.

பாடத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். வாரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரக் காணொளி விரிவுரை, பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளத்தக்க பயிற்சிக் குறிப்பேடு, தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் நிரப்ப வேண்டிய வினாப்படிவங்கள், இரு வாரங்களுக்கு ஒரு முறை நேரலைக் கலந்துரையாடல் ஆகியவை இதில் அடங்கும். காணொளியின் ஒலியும் படமும் தெளிவாக உள்ளன, விரிவுரையாளர் நிதானமாகப் பேசுகிறார், தவறவிட்டதைத் திரும்பக் கேட்கவும் முடிகிறது. தொழில்நுட்பம் பற்றிச் சொல்வதற்கு இதற்கு மேல் ஒன்றுமில்லை.

முதல் வாரம் இத்துறையின் வரலாறு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1901, 1902 ஆம் ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து பாடம் தொடங்குகிறது. சமயத்தை அதன் கோட்பாடுகளிலோ நிறுவனங்களிலோ தேடாமல், தனி மனிதர்களின் அனுபவத்தில் தேடியதுதான் அவர் செய்த பெரிய மாற்றம். உலகை இயல்பாகவே நல்லதாகக் காணும் மனத்தை ஒரு வகையாகவும், தீமையையும் துயரத்தையும் கண்மூடிக் கடக்க முடியாத நொந்த மனத்தை இன்னொரு வகையாகவும் அவர் பிரித்தார். உளப்பகுப்பாய்வின் முன்னோடி சிக்மண்ட் ஃபிராய்டுக்கும் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்துக்கும் இடையே நடந்த கடிதப் பரிமாற்றமும் இந்த வாரத்திலேயே வருகிறது. 1927 இல் சமயத்தை ஒரு மாயையாகக் கண்டு ஃபிராய்டு நூல் எழுதியபோது, எல்லையற்ற ஒன்றோடு கலந்திருப்பதாகத் தோன்றும் கடல் போன்ற உணர்வைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டீர்களே என்று ரோலந்து எழுதினார். அப்படி ஓர் உணர்வைத் தன்னிடம் காண முடியவில்லை என்று ஃபிராய்டு 1930 இல் நேர்மையாக ஒப்புக்கொண்டார். இப்பகுதி மிக அழகாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் ஜேம்ஸின் முதல் வகை மனத்துக்கு நாற்பது நிமிடங்கள் ஒதுக்கிய விரிவுரையாளர், நொந்த மனத்தை ஐந்தே நிமிடங்களில் முடித்துவிட்டார். துயரத்தைக் காணும் மனமே அனுபவத்தின் பெரும் பரப்பைத் தன்னுள் கொண்டது என்பது ஜேம்ஸின் கருத்து. அதைச் சொல்லாமல் விட்டது பாடம் முழுவதற்கும் ஒரு சாய்வைக் கொடுத்துவிட்டது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

இரண்டாம் வாரம் அளவிடுதல் பற்றியது. இப்பாடத்தில் எதையாவது தவறவிடலாம், இதை மட்டும் தவறவிடக் கூடாது என்று சொல்வேன். மகிழ்ச்சியை எப்படி அளப்பது என்று தெரியாமல், சமயம் மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்பதில் பொருளில்லை. 1985 இல் எட் டீனரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோலில் ஐந்து கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் இட வேண்டும். அது ஒருவர் தம் வாழ்க்கையைப் பற்றிக் கொண்டிருக்கும் தீர்ப்பை அளக்கிறது. உணர்ச்சிகளை அளப்பதற்கு மிகப் பரவலாகப் பயன்படுவது 1988 இல் வாட்சன், கிளார்க், டெல்லிகன் ஆகிய மூவரும் உருவாக்கிய சொற்பட்டியல். அதில் நேர்மறை உணர்ச்சிகளுக்கு என உள்ள பத்துச் சொற்களையும் விரிவுரையாளர் திரையில் காட்டினார். ஆர்வம், பரபரப்பு, வலிமை, உற்சாகம், பெருமிதம், விழிப்பு, உத்வேகம், உறுதி, கவனம், சுறுசுறுப்பு என்ற அந்த வரிசையைப் படித்துவிட்டு, ஒரு வழிபாட்டிலிருந்து எழுந்து வரும் மனிதரிடம் இவற்றில் எதைக் காண்பீர்கள் என்று அவர் கேட்டார். அமைதி அதில் இல்லை, நன்றி இல்லை, அன்பு இல்லை, வியப்பு இல்லை. கிளர்ச்சி மிகுந்த உணர்ச்சிகளுக்காக நெய்யப்பட்ட வலையில் அமைதியான உணர்ச்சிகள் சிக்காமல் நழுவிவிடும் என்பதை இவ்வளவு எளிதாக வேறு யாரும் எனக்கு விளக்கியதில்லை. நோயாளிகளின் அருகில் நான் பல முறை கண்ட, பெயர் சொல்லத் தெரியாத அந்த நிசப்தமான நிறைவு ஏன் ஆய்வுகளில் அகப்படுவதில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

அதே வாரத்தில் இதற்கு நேர்மாறான இன்னொரு பிழையும் விளக்கப்படுகிறது. ஆன்மிகத்தை அளப்பதாகச் சொல்லும் சில படிவங்களில், என் உள்ளம் அமைதியாக இருக்கிறது, என் வாழ்க்கைக்குப் பொருள் இருக்கிறது என்பன போன்ற கூற்றுகள் இடம்பெறுகின்றன. அமைதியும் வாழ்வின் பொருளும் மனநலத்தின் கூறுகள். அவற்றை ஆன்மிகத்தின் பெயரில் அளந்துவிட்டு, ஆன்மிகம் உள்ளவர்களுக்கு மனநலம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கூறினால், ஒரு பொருளை அதே பொருளோடு ஒப்பிட்டுவிட்டு இரண்டும் ஒத்துப்போகின்றன என்று சொல்வதாகிவிடும். நம்பிக்கைக்கும் நலத்துக்கும் உள்ள தொடர்பை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து வரும் ஹரால்ட் கோனிக் என்ற மருத்துவரே இந்தக் குறையை அழுத்தமாகச் சுட்டிக்காட்டியிருக்கிறார் என்பது என் கவனத்தை ஈர்த்தது. தாம் விரும்பும் முடிவுக்குச் சாதகமான படிவங்களையே ஐயுறும் அந்த நேர்மையைப் பாடம் தன் பிற வாரங்களிலும் கடைப்பிடித்திருக்கலாம்.

மூன்றாம், நான்காம் வாரங்கள் பாடத்தின் மையம். உளவியலாளர் பார்பரா ஃபிரெட்ரிக்சன் 1998 இல் முன்வைத்து, 2001 இல் விரித்து எழுதிய கொள்கையில் மூன்றாம் வாரம் தொடங்குகிறது. அச்சமும் சினமும் நம் கவனத்தைக் குறுக்கி, ஓடு அல்லது தாக்கு என்ற ஒரே செயலுக்கு நம்மைத் தயார் செய்கின்றன. மகிழ்ச்சி, ஆர்வம், அமைதி, அன்பு ஆகியவை கவனத்தை விரிக்கின்றன, விரிந்த கவனத்தில் புதிய எண்ணங்களும் புதிய உறவுகளும் முளைக்கின்றன, அவை உணர்ச்சி மறைந்த பின்னும் நம்மிடம் சேமிப்பாகத் தங்குகின்றன என்பது அக்கொள்கையின் சாரம். மேடையில் பேசத் தயாராகுமாறு சொல்லிப் பதற்றமூட்டப்பட்டவர்களுக்கு மனநிறைவையோ சிரிப்பையோ தரும் படக்காட்சி காட்டப்பட்டபோது, சோகமான காட்சியைப் பார்த்தவர்களைவிட அவர்களின் இதயத்துடிப்பு விரைவாக இயல்புக்குத் திரும்பியது என்ற சோதனையும் விளக்கப்படுகிறது. 2008 இல் வெளியான ஆய்வொன்றில், பணியில் இருக்கும் 139 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேர் குலுக்கல் போன்ற தற்செயல் முறையில் அன்பு தியானப் பயிற்சிக்கு (தமக்கும் பிறருக்கும் நலம் வேண்டி அன்பை வளர்க்கும் தியானம்) ஒதுக்கப்பட்டார்கள். வாரங்கள் செல்லச் செல்ல அவர்களின் அன்றாட நேர்மறை உணர்ச்சிகள் பெருகின, அதன் வழியாக வாழ்க்கை நோக்கமும் உறவுகளின் ஆதரவும் வலுப்பெற்றன.

இங்கே ஒரு கடுமையான குறையைச் சொல்லியாக வேண்டும். ஓர் எதிர்மறை உணர்ச்சிக்கு மூன்று நேர்மறை உணர்ச்சிகள் என்ற விகிதத்தை எட்டினால் வாழ்க்கை மலரும் என்று இந்த வாரத்தின் பயிற்சிக் குறிப்பேடு சொல்கிறது. நாள்தோறும் அந்த விகிதத்தைக் கணக்கிட்டு எழுதவும் சொல்கிறது. 2005 இல் ஃபிரெட்ரிக்சனும் லோசாடாவும் கணிதச் சமன்பாடுகளைக் கொண்டு கண்டதாகக் கூறிய 2.9013 என்ற எண்ணிலிருந்து வந்தது இந்த விகிதம். அந்தச் சமன்பாடுகளை அங்கே பயன்படுத்தியதற்கு எந்த அடிப்படையும் இல்லை என்று பிரவுன், சோக்கல், ஃபிரீட்மன் ஆகியோர் 2013 இல் நிறுவிவிட்டார்கள். கட்டுரையின் அந்தக் கணிதப் பகுதி முறைப்படி திரும்பப் பெறவும்பட்டது. நேர்மறை உணர்ச்சிகள் பயன் தருகின்றன என்ற பொதுக் கருத்து இதனால் வீழவில்லை, வீழ்ந்தது அந்த எண் மட்டுமே. ஆனால் வீழ்ந்த எண்ணை இத்தனை ஆண்டுகள் கழித்தும் மாணவர்களின் கையில் கொடுத்து, அதைக் கொண்டு தம் நாளைத் தாமே எடைபோடச் சொல்வது பொறுப்பான செயல் ஆகாது. துக்கத்தில் இருக்கும் ஒருவர் அந்தக் கட்டங்களை நிரப்பிவிட்டு இரவில் எந்த மனநிலையில் உறங்கப் போவார் என்பதை யாரேனும் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

நான்காம் வாரம் அந்தக் குறையை ஓரளவு மறக்கச் செய்தது. எல்லா நேர்மறை உணர்ச்சிகளும் ஒன்றல்ல என்பதே இவ்வாரத்தின் வாதம். கேளிக்கையும் பெருமிதமும் நம்மை நம்மிடமே நிறுத்துகின்றன; வியப்பு, நன்றி, அன்பு, அமைதி ஆகியவை நம் கவனத்தை நம்மைவிடப் பெரிதான ஒன்றின் பக்கம் திருப்புகின்றன. தன்னைக் கடக்கச் செய்யும் இந்த உணர்ச்சிகளைத் தனி வகையாகக் கொண்டு, பாட்டி வான் காப்பெலன் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் வழிபாட்டுக்குச் செல்வோரிடம் ஆராய்ந்தபோது, சமய ஈடுபாட்டுக்கும் நல்வாழ்வுக்கும் இடையே பாலமாக நின்றவை இந்த நான்குமே என்றும், கேளிக்கையும் பெருமிதமும் அந்த இடத்தில் நிற்கவில்லை என்றும் கண்டார்கள். முழுப் பாடத்திலும் என்னை அதிகம் சிந்திக்க வைத்த கருத்து இதுவே. சமயம் மகிழ்ச்சி தருகிறது என்ற பொத்தாம்பொதுவான கூற்றிலிருந்து, எந்த மகிழ்ச்சி, எதன் வழியாக என்ற துல்லியமான கேள்விக்கு அது நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

வியப்பைப் பற்றிய அரை மணி நேரம் தனித்துப் பாராட்டத்தக்கது. டேக்கர் கெல்ட்னரும் ஜானதன் ஹைட்டும் 2003 இல் வியப்புக்கு இரண்டு இலக்கணங்கள் கூறினார்கள்: நம்மைச் சிறிதாக்கும் ஒரு பிரம்மாண்டம் இருக்க வேண்டும், அது நம் மனத்தில் ஏற்கெனவே உள்ள எண்ணச் சட்டகங்களுக்குள் அடங்காமல் அவற்றை மாற்றிக்கொள்ளுமாறு நம்மை வற்புறுத்த வேண்டும். 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், வானுயர்ந்த யூகலிப்டஸ் மரங்களை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்தவர்கள், அதே நேரம் ஒரு கட்டடத்தைப் பார்த்தவர்களைவிட, எதிரே தவறிக் கீழே கொட்டிய எழுதுகோல்களைப் பொறுக்கிக் கொடுப்பதில் அதிகம் உதவினார்கள். தான் சிறுத்த இடத்தில் அடுத்தவருக்கு இடம் பிறக்கிறது என்ற பழைய அனுபவத்தை ஒரு சிறு சோதனையில் காணும்போது உள்ளபடியே மனம் நெகிழ்ந்தது. அதோடு நில்லாமல், எல்லா வியப்பும் இனிமையானதல்ல, அச்சம் கலந்த வியப்பும் உண்டு என்பதை விரிவுரையாளர் சேர்த்துச் சொன்னது அவர் மீதான மதிப்பைக் கூட்டியது.

ஐந்தாம் வாரம் நன்றியுணர்வு. 2003 இல் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லாவும் வெளியிட்ட ஆய்வின் அடிப்படையில், நன்றிக்குரியவற்றைக் குறிப்பேட்டில் எழுதும் பயிற்சி தரப்படுகிறது. அந்த ஆய்வின் முதல் பகுதியில் பங்கேற்றவர்கள் பத்து வாரங்கள், வாரம் ஒரு முறை எழுதினார்கள். நரம்புத்தசை நோயுள்ளவர்கள் பங்கேற்ற இன்னொரு பகுதியில் 21 நாட்கள் நாள்தோறும் எழுதினார்கள். நாள்தோறும் ஐந்து நன்றிகள் எழுத வேண்டும் என்பது இப்பாடத்தின் கட்டளை. வேறு ஆய்வாளர்கள் நடத்திய சோதனையொன்றில் வாரம் ஒரு முறை எழுதியவர்கள் பயன்பெற, மூன்று முறை எழுதியவர்கள் அந்தப் பயனை அடையவில்லை என்பதும், எழுதுவதால் வரும் விளைவு பொதுவாகச் சிறியதே என்று பின்னர் வந்த, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வுகள் காட்டியதும் இங்கே சொல்லப்படவில்லை. ஒன்பதாம் நாளில் நான் ஒரே ஐந்தை வேறு சொற்களில் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டேன். பிறகு வாரம் ஒரு முறை, ஒருவருக்கு மட்டும் என மாற்றிக்கொண்டேன். என் தந்தையின் கடைசி வாரங்களில் அவருக்கு இரவு முழுவதும் விழித்திருந்து பணிவிடை செய்த ஒரு செவிலியருக்கு ஒரு பக்கம் எழுதியபோதுதான், நன்றி என்ற சொல் எனக்குள் மறுபடியும் அசைந்தது. பயிற்சி நல்லது, கட்டளைதான் பொருந்தவில்லை.

ஆறாம் வாரத்தில் சமூகமும் பிரார்த்தனையும் ஒன்றாகத் திணிக்கப்பட்டிருக்கின்றன; இரண்டும் தனித்தனி வாரங்களுக்கு உரியவை. கூடி வழிபடும்போது எழும் பொது எழுச்சியைப் பற்றி 1912 இல் பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் எழுதியதிலிருந்து நேராக இன்றைய ஆய்வுகளுக்கு வருகிறார்கள். அமெரிக்கர்களிடம் நடத்தி 2010 இல் வெளியிட்ட ஆய்வில் சாயூன் லிம்மும் ராபர்ட் பட்னமும், வழிபாட்டுக்கு அடிக்கடி செல்வோரின் வாழ்க்கைத் திருப்திக்குப் பெருங்காரணம் அங்கே அவர்களுக்கு வாய்த்திருக்கும் நெருங்கிய நண்பர்களே என்று கண்டார்கள். தவறாமல் சென்றும் அங்கே நண்பர் எவரும் இல்லாதவர்களிடம் அந்தக் கூடுதல் திருப்தி காணப்படவில்லை. அமெரிக்கச் செவிலியர்கள் 74,534 பேரைப் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016 இல் வெளியான ஆய்வில், வாரம் ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குச் சென்ற பெண்களிடம், ஒருபோதும் செல்லாதவர்களைவிட இறப்பு 33 விழுக்காடு குறைவாக இருந்தது. உடல்நலம் இருப்பவர்களால்தானே வெளியே செல்ல முடிகிறது என்ற நியாயமான ஐயத்தை விரிவுரையாளரே எழுப்பி, முந்தைய உடல்நிலையை ஆய்வாளர்கள் எப்படிக் கணக்கில் கொண்டார்கள் என்றும், அப்படிச் செய்த பின்னும் இதைச் சோதனைக்குரிய உறுதியோடு காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றும் பொறுமையாக விளக்கினார். உடன் தரப்பட்டிருக்க வேண்டிய இன்னொரு முடிவு அடிக்குறிப்பில் ஒதுங்கியிருக்கிறது: டீனர், டே, மையர்ஸ் ஆகியோர் 2011 இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வின்படி, பசியும் பாதுகாப்பின்மையும் மிகுந்த நாடுகளில் சமயப் பற்றுள்ளவர்களின் நல்வாழ்வு மற்றவர்களுடையதைவிட மேலாக இருக்கிறது; வாழ்க்கை எளிதாக உள்ள நாடுகளில் இரு சாராருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. சமயத்தின் பயன் சூழலைப் பொறுத்தது என்னும் இந்த முடிவு அடிக்குறிப்பில் முடங்க வேண்டியதல்ல.

பிரார்த்தனை பற்றிய பகுதி சுருக்கமானது, ஆனால் நேர்மையானது. இதய அறுவை சிகிச்சை பெற்ற 1,802 நோயாளிகளிடம் நடத்தி ஹெர்பர்ட் பென்சனின் குழு 2006 இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமற்றவர்கள் செய்த பிரார்த்தனை நோயாளிகளின் குணமடைதலில் மாற்றம் எதையும் ஏற்படுத்தவில்லை. தமக்காகப் பிரார்த்தனை நடப்பதை உறுதியாக அறிந்தவர்களில் 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல்கள் நேர்ந்தன; பிரார்த்தனை நடக்கிறதா இல்லையா என்று அறியாதிருந்த குழுக்களில் அது 51, 52 விழுக்காடாக இருந்தது. இதைச் சொன்ன கையோடு, பிரார்த்தனை செய்பவரின் உள்ளத்தில் நிகழ்வது வேறு கேள்வி என்று விரிவுரையாளர் பிரித்துக் காட்டினார். தம் துணைவரின் நலனுக்காகப் பிரார்த்தித்தவர்களிடம் மன்னிக்கும் மனநிலை கூடியதைக் காட்டிய 2010 ஆம் ஆண்டு ஆய்வு அதற்குச் சான்றாக வந்தது.

இனி ஏழாம் வாரம். நான் தேடி வந்தது இங்கேதான் இருந்தது. பாடம் மிகக் குறைவாகப் பேசியதும் இங்கேதான். துன்பத்தில் மனிதர்கள் சமயத்தை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதைக் கென்னத் பர்கமென்ட் என்ற உளவியலாளர் இரண்டாகப் பகுத்தார். இறைவன் தன்னோடு நின்று இதைச் சுமக்கிறான் என்று உணர்வதும், மன்னிப்பை நாடுவதும், உடன் வழிபடுவோரின் ஆதரவைத் தேடுவதும் ஒரு வகை; இது தண்டனை என்று கருதுவதும், தன்னைக் கைவிட்டுவிட்டான் என்று உணர்வதும், அவனுடைய அன்பையே ஐயுறுவதும் இன்னொரு வகை. 55 வயதும் அதற்கு மேலும் ஆன, மருத்துவமனையில் இருந்த 596 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2001 இல் வெளியான ஆய்வில், கைவிடப்பட்டதாகவும் அன்பு இழக்கப்பட்டதாகவும் உணர்ந்தவர்களுக்கு, நோயின் கடுமையைக் கணக்கில் கொண்ட பின்னும், இறப்பின் ஆபத்து கூடியிருந்தது. என் பணியில் நான் கண்டும் பெயரிடத் தெரியாமல் நின்றது இதுதான். நம்பிக்கை குறைந்ததால் அவர்கள் உடையவில்லை. தாம் ஆழமாக நம்பிய இறைவனே தம்மை விட்டு விலகியதாக உணர்வதால் உடைகிறார்கள், நம்பாதவருக்கு அந்த வலி வருவதற்கே வழியில்லை. ஜூலி எக்ஸ்லைனும் பர்கமென்ட்டும் மற்றவர்களும் 2014 இல் உருவாக்கிய சமய, ஆன்மிகப் போராட்டங்களுக்கான அளவுகோலில் 26 கூற்றுகள் உள்ளன. இறைவனோடு, தீய சக்திகளோடு, பிற மனிதர்களோடு, தன் மனச்சான்றோடு, ஐயத்தோடு, வாழ்வின் பொருளோடு என ஆறு களங்களில் அவை போராட்டத்தை அளக்கின்றன. இறைவன் மீது சினம் கொள்வது மிகச் சாதாரணமாக நிகழ்வது என்று எக்ஸ்லைனின் ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த வாரத்தின் காணொளி வெறும் நாற்பது நிமிடங்கள். பயிற்சி ஏதும் இல்லை. அந்த நாற்பது நிமிடங்களைக் கேட்டுவிட்டு நான் நெடுநேரம் எழாமல் அமர்ந்திருந்தேன்.

எட்டாம் வாரம் முந்தையவற்றின் தொகுப்பு என்பதால் அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. கார்டன் ஆல்போர்ட்டும் மைக்கேல் ராஸும் 1967 இல் வகுத்த வேறுபாடு இந்த வாரத்தில்தான் வருகிறது. ஆறுதல், பாதுகாப்பு, சமூக மதிப்பு ஆகிய பயன்களுக்காகச் சமயத்தைப் பயன்படுத்துவது புறநோக்கு. சமயத்தையே வாழ்வின் நோக்கமாகக் கொண்டு வாழ்வது உள்நோக்கு. அதன் பின் வந்த ஆய்வுகளில் மனநலத்தோடு பெரும்பாலும் நல்ல தொடர்பு காட்டியது உள்நோக்கே. இதை முதல் வாரத்திலேயே வைத்திருந்தால், மகிழ்ச்சியை இலக்காக வைத்து நம்பிக்கையை அணுகுவது எவ்வளவு முரணானது என்பதைப் படிப்பவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருப்பார். ஆனால் பாடத்தின் அறிமுகப் பக்கமோ, நம்பிக்கையின் வழியே எட்டு வாரங்களில் மகிழ்ச்சியான வாழ்வு என்று அழைக்கிறது. அப்படி அழைத்து உள்ளே கொண்டுவந்து, எட்டாம் வாரத்தில் அந்த அழைப்பையே மறுக்கும் ஆய்வைக் காட்டுகிறார்கள். பாடத்தை உருவாக்கியவர்களும் அதை விளம்பரப்படுத்தியவர்களும் ஒருவரோடொருவர் பேசியிருந்தால் இந்த முரண் நேர்ந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மற்றுமொரு வரம்பையும் அறிந்து சேர்வது நல்லது. மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிறித்தவர்களிடையே நடந்தவை. எந்த உணர்ச்சியை அடையத்தக்கதாகக் கருதுகிறோம் என்பதே சமயத்துக்குச் சமயம் மாறுகிறது. கிறித்தவ மரபு உற்சாகம் போன்ற கிளர்ச்சியான உணர்ச்சிகளுக்குப் பௌத்தத்தைவிட மதிப்புக் கூடுதலாகத் தருகிறது என்று ஜீன் சாயும் உடன் ஆய்வாளர்களும் 2007 இல் காட்டினார்கள். இந்த ஆய்வை விரிவுரையாளர் ஒரே வாக்கியத்தில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துவிடுகிறார். இரண்டாம் வாரத்தில் அவரே எழுப்பிய சொற்பட்டியல் கேள்வியோடு இதை இணைத்திருந்தால் ஒரு முழு வாரத்துக்கான பொருள் கிடைத்திருக்கும்.

நேரலைக் கலந்துரையாடல்களை நடத்தியவரைப் பாராட்டியே ஆக வேண்டும். மூன்றாம் கலந்துரையாடலில், தன் குழந்தையை இழந்த பிறகு வழிபடவே முடியவில்லை என்று ஒருவர் சொன்னபோது, அவர் எந்த ஆய்வையும் மேற்கோள் காட்டாமல், எந்தப் பயிற்சியையும் பரிந்துரைக்காமல், கேட்டுக்கொண்டிருந்தார்; கூட்டம் முடிந்த பின் தனியே பேசலாமா என்று மட்டும் கேட்டார். நம்பிக்கை இல்லாதவர்களும் அந்தக் கூட்டங்களில் இருந்தார்கள், அவர்களின் கேள்விகளுக்கும் அதே மரியாதை கிடைத்தது. எந்தச் சமயத்தையும் உயர்த்தியோ தாழ்த்தியோ ஒரு சொல்லும் வரவில்லை.

நேர்மறை உணர்ச்சிகளின் ஆய்வைப் பற்றி ஒழுங்காக அறிந்துகொள்ள விரும்புபவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், என்னைப் போன்ற துணைநிற்பவர்களுக்கும் இப்பாடத்தைப் பரிந்துரைப்பேன். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். அதில் பெரும்பங்கு இரண்டாம், நான்காம் வாரங்களுக்கு உரியது. அண்மையில் பேரிழப்பைச் சந்தித்தவர்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள் ஆகியோர் இதைச் சிகிச்சைக்கு மாற்றாக எண்ணிச் சேர வேண்டாம். தேர்ந்த மனநல உதவியை முதலில் நாட வேண்டும். சேர்பவர்கள் பாட வரிசையை அப்படியே பின்பற்றாமல், இரண்டாம் வாரத்தை முதலில் கேட்டு, அடுத்து ஏழையும், எட்டில் உள்ள ஆல்போர்ட் பகுதியையும் கேட்டுவிட்டு, பிறகு மூன்றிலிருந்து தொடரலாம் என்பது என் யோசனை. மூன்றாம் வாரத்தின் விகிதக் கணக்கை முழுமையாக விட்டுவிடலாம்.

கடைசி வினாப்படிவத்தை நிரப்பியபோது, அமைதி பற்றிய கூற்றுக்கு நான் தொடக்கத்தில் தந்ததைவிடக் குறைவான மதிப்பெண்ணே தந்தேன். தொடக்கத்தில் உண்மையை மறைத்து எழுதியிருந்தேன், முடிவில் மறைக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். உங்கள் நல்வாழ்வு மதிப்பெண் குறைந்துள்ளது, நன்றிப் பயிற்சியைத் தொடர்ந்து செய்யுங்கள் என்று தானியங்கிச் செய்தி வந்தது. பாடக் குழுவினருக்கு நான் விரிவாக எழுதினேன். மதிப்பெண் குறைந்தவர்களுக்கு அனுப்பும் அந்தச் செய்தியை நீக்கிவிட்டு, ஏழாம் வாரக் காணொளியையும் கலந்துரையாடல் நடத்துபவரைத் தொடர்புகொள்ளும் வழியையும் அனுப்பப் போவதாக நான்கு நாட்களில் பதில் வந்தது. விகிதக் கணக்கைப் பற்றி நான் எழுதிய பத்திக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.